வெயிலும் சர்க்கரையும்: ஒரு மருத்துவ வரலாறு கற்பிக்கும் பாடம்





சில மாதங்களுக்கு முன், அஸருக்குப் பிந்திய பாடம் முடிந்து பிள்ளைகள் கலைந்துகொண்டிருந்த வேளையில், மாணவி ஒருத்தியின் உம்மா மதரஸா வாசலில் வந்து நின்றார். "ஹஜ்ரத், இதைக் கொஞ்சம் படித்துப் பார்த்துச் சொல்லுங்கள்" என்று மகளிடம் கைப்பேசியைக் கொடுத்தனுப்பினார். குடும்பக் குழுவில் வந்திருந்த ஒரு செய்தி அது. சர்க்கரை நோய்க்கு மூலகாரணம் வைட்டமின் டி குறைவே என்றும், வாரம் ஒரு மாத்திரை போட்டால் சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றும் நீங்கிவிடும் என்றும் அதில் எழுதியிருந்தது. அதை நம்பி அந்த உம்மா பதினைந்து நாட்களாகத் தம் சர்க்கரை மாத்திரையை நிறுத்தியிருந்தார். மறுநாள் காலையே மருத்துவரிடம் போகும்படி வற்புறுத்தி அனுப்பினேன்.

அதே வாரம் ஜும்ஆவுக்குப் பின் கல்லூரியில் படிக்கும் இளைஞர் ஒருவர் வேறொரு கேள்வியுடன் வந்தார். "பர்தா அணிவதால்தான் நம் பெண்களுக்கு வைட்டமின் டி இல்லை, அதனால்தான் நம் வீடுகளில் இவ்வளவு சர்க்கரை என்று உடன் படிப்பவர்கள் சொல்கிறார்கள். என்ன பதில் சொல்வது, ஹஜ்ரத்?"

ஒரு செய்தி மாத்திரையை மருந்தென்றது. மற்றொன்று ஆடையை நோயென்றது. இரண்டும் நம் வீட்டுப் பெண்களின் உடல்நலத்தைத் தொடுபவை. சிகிச்சை சொல்வது மருத்துவரின் பணி. எனினும் ஒரு செய்தி எங்கே பிறந்தது, யார் வழியாக வந்தது, எந்த அளவுக்கு உறுதியானது என்று பார்ப்பது எங்கள் துறையினர் பழகிய வழி. அந்த வழியில் இவ்விரு செய்திகளின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். கண்டவற்றை உங்கள் முன் வைக்கிறேன்.

வளைந்த கால்கள்

கதை பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தொடங்குகிறது. குழந்தைகளின் கால் எலும்புகள் வளைந்து, மார்புக்கூடு ஒடுங்கி, நடை தள்ளாடும் ஒரு நோய் அங்கே பரவியிருந்தது. 1645இல் டேனியல் விஸ்லர் என்ற மாணவர் அதைப் பற்றி ஆய்வேடு எழுதினார். 1650இல் பிரான்சிஸ் கிளிசன் என்ற மருத்துவர் விரிவான நூலே எழுதினார. ரிக்கெட்ஸ் என்று அந்நோய் பெயர் பெற்றது. காரணம் மட்டும் எவருக்கும் விளங்கவில்லை.

பின்னர் தொழிற்புரட்சி வந்தது. கிராமங்களில் வயல்வெளியில் வாழ்ந்த மக்கள் புகை சூழ்ந்த நகரங்களின் நெருக்கமான தெருக்களுக்குக் குடியேறினர். சூரியன் வானில் இருந்தும் தெருவுக்குள் இறங்க வழியில்லாத நகரங்கள் அவை. அங்கே ரிக்கெட்ஸ் பெருகிற்று. 1822இல் போலந்து நாட்டு மருத்துவர் ஸ்னியாடெட்ஸ்கி ஓர் உண்மையைக் கவனித்தார்: வார்ஸா நகரக் குழந்தைகளிடம் காணப்படும் இந்நோய் சுற்றுப்புறக் கிராமக் குழந்தைகளிடம் அரிதாகவே இருந்தது. குழந்தைகளை வெயிலில் வைத்திருங்கள் என்று அவர் எழுதினார். பெரிதாக எவரும் செவிசாய்க்கவில்லை.

1890இல் தியோபால்ட் பாம் என்ற மருத்துவர் அதே உண்மையை வேறு வழியில் கண்டார். ஜப்பானில் சில ஆண்டுகள் பணியாற்றிவிட்டு இங்கிலாந்து திரும்பியவர் அவர். ஜப்பானில் தாம் காணாத நோயைத் தம் சொந்த நாட்டில் எங்கும் கண்டு திகைத்தார். கீழை நாடுகளில் பணியாற்றிய மருத்துவர்களுக்குக் கடிதம் எழுதி விவரம் திரட்டினார். உணவிலும் தூய்மையிலும் இங்கிலாந்தைவிடப் பின்தங்கியிருந்த நாடுகளிலும்கூட வெயில் நிறைந்திருந்தால் ரிக்கெட்ஸ் அரிதாயிருந்தது. வெயிலின்மையே காரணம் என்று அவர் முடிவுகட்டினார்.

விளக்கும் மீன் எண்ணெயும்

முதல் உலகப் போர் முடிந்த காலத்தில் விடை இரு வாசல்கள் வழியாக ஒரே நேரத்தில் வந்தது.

1919இல் பெர்லினில் ஹுல்ட்ஷின்ஸ்கி என்ற குழந்தை மருத்துவர், ரிக்கெட்ஸ் கண்ட குழந்தைகளைப் புற ஊதாக் கதிர் வீசும் பாதரச விளக்கின் கீழ் அமர்த்தினார். எலும்புகள் தேறின. ஒரு கையில் மட்டும் ஒளி படச் செய்தபோதும் மற்றக் கையின் எலும்பும் தேறியது. ஆகவே தோலில் ஏதோ ஒரு பொருள் உண்டாகி, இரத்தத்தின் வழியே உடல் முழுதும் செல்கிறது என்பது புலனாயிற்று.

அதே காலத்தில் இங்கிலாந்தில் எட்வர்ட் மெல்லன்பி, வீட்டுக்குள்ளேயே வளர்த்த நாய்க்குட்டிகளுக்கு ஓட்ஸ் முதலிய உணவைக் கொடுத்து ரிக்கெட்ஸ் வரச் செய்தார். பின்னர் காட் மீனின் ஈரல் எண்ணெயால் அதைக் குணப்படுத்தினார். எனவே இது உணவுக் குறைவால் வரும் நோய் என்று அவர் கொண்டார்.

வெயிலா, உணவா என்று இரு தரப்பும் வாதிட்டனர். வியன்னாவில் போருக்குப் பின் பசியால் வாடிய குழந்தைகளிடையே ஹாரியட் சிக் என்ற பெண் விஞ்ஞானியும் அவர் குழுவினரும் செய்த பணி, வெயில், விளக்கு, மீன் எண்ணெய் ஆகிய மூன்றுமே குணமளிக்கின்றன என்று காட்டியது. இரு தரப்பும் சரியே. 1922இல் அமெரிக்காவின் மெக்காலம், மீன் எண்ணெயில் முன்பே அறியப்பட்டிருந்த வைட்டமின் ஏவை அழித்த பின்னும் அது ரிக்கெட்ஸைக் குணப்படுத்துவதைக் கண்டு, அதில் வேறொரு பொருள் இருப்பதை நிறுவினார். ஏ, பி, சி என்ற எழுத்துகள் முன்பே போய்விட்டமையால் புதியது டி ஆயிற்று. 1928இல் இத்துறையின் வேதியியல் ஆய்வுக்காக ஜெர்மனியின் அடால்ஃப் வின்டாஸ் நோபல் பரிசு பெற்றார்.

தோலில் உள்ள ஒருவகைக் கொழுப்புப் பொருள் வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டு வைட்டமின் டியாக மாறுகிறது. ஈரல் அதை ஒரு முறை மாற்றுகிறது. சிறுநீரகம் இன்னொரு முறை மாற்றிச் செயல்படும் வடிவத்தை அளிக்கிறது. இந்தப் படிகள் 1968க்கும் 1971க்கும் இடையே தெளிவாயின. இன்று நாம் பரிசோதனைக் கூடத்தில் அளக்கும் வைட்டமின் டி, ஈரல் மாற்றிய வடிவமே. உடலே தயாரித்து உடலெங்கும் அனுப்பும் பொருள் என்பதால், பெயரில் வைட்டமின் ஆனாலும் பணியில் இதை ஒரு ஹார்மோன் என்றே அறிஞர் கருதுகின்றனர். பிற்காலத்தில் சர்க்கரை நோயோடு இதற்குத் தொடர்பு தேடப்பட்டதன் வேர் இங்கேதான் இருக்கிறது.

திரையா, சுவரா?

இனி அந்த இளைஞரின் கேள்விக்கு வருவோம். பர்தாவைக் குற்றம் சாட்டும் குரல் புதிதன்று. கேத்லீன் வாகன் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர் காஷ்மீரின் ஸ்ரீநகரில் பணியாற்றியவர். எலும்பு மென்மையாகி இடுப்பெலும்பு ஒடுங்கியதால் பிரசவத்தில் துன்புற்ற பெண்களை அவர் கண்டார். பர்தா முறையையும் அது தாய்மையில் விளைவிக்கும் கேட்டையும் பற்றி 1928இல் நூலொன்று வெளியிட்டார். அந்நூலின் தலைப்பே பர்தாவைக் கூண்டில் ஏற்றியது.

எனினும் அவர் கண்ட மற்றொரு காட்சியையும் நாம் நினைவிற்கொள்ள வேண்டும். காஷ்மீரின் ஆறுகளிலும் ஏரிகளிலும் படகிலேயே குடும்பம் நடத்தும் பெண்கள், வறுமையில் உழன்றபோதும் இந்நோய்க்கு ஆளாகாமல் எளிதாகப் பிள்ளை பெற்றனர். அந்தப் படகுப் பெண்களும் முஸ்லிம்களே. ஒரே மார்க்கம், ஒரே ஊர். ஒரு பகுதியினர் நாள் முழுதும் திறந்த வெளியில் உழைத்தனர். மற்றொரு பகுதியினர் காற்றும் ஒளியும் புகாத அறைகளில் அடைந்து கிடந்தனர்.

1962இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் வாழ்ந்த பாகிஸ்தானியரிடையே ரிக்கெட்ஸும் எலும்பு மென்மையும் காணப்படுவதாக மருத்துவர்கள் எழுதினர். வெயில் மிகுந்த நாட்டிலிருந்து மேகம் மூடிய நாட்டுக்குப் பிழைப்புத் தேடிப் போன குடும்பங்கள் அவை. கருமை கலந்த தோல், குறைந்த வெயில், உணவு வேறுபாடு எல்லாம் சேர்ந்து அந்த நிலையை உண்டாக்கின. 1984இல் வெளியான ஓர் ஆய்வு, ஆண்டு முழுதும் வெயில் கொளுத்தும் சவூதி அரேபியாவிலும் பெண்களிடம் இக்குறைவு இருப்பதைக் காட்டிற்று. 2000இல் டெல்லியில் வெளியான ஆய்வு இன்னும் சுவையானது. நோயில்லாத மக்களின் இரத்தத்தைச் சோதித்தபோது, மருத்துவமனைக்குள் பணியாற்றிய மருத்துவர்களிடமும் செவிலியர்களிடமும் வைட்டமின் டி மிகக் குறைந்திருந்தது. திறந்த வெளியில் பயிற்சி செய்த இராணுவ வீரர்களிடம் அது மேம்பட்டிருந்தது. அந்த மருத்துவர்களின் குறைவுக்குப் பர்தாவைக் காரணம் காட்ட முடியுமா?

நேர்மை ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். வெளியில் செல்கையில் உடலை முழுதும் மறைக்கும் ஆடை, அந்த நேரத்தில் தோலில் வைட்டமின் டி உண்டாவதைத் தடுக்கும். இதை மறுப்பது உண்மைக்கு மாறானது. ஆனால் நம் மார்க்கம் பெண்ணுக்கு விதித்த மறைப்பு அந்நியர் முன்னிலையில்தான். தன் வீட்டு முற்றத்தில், தன் மஹ்ரமானவர் மத்தியில் அவள் வெயிலில் அமர எந்தத் தடையுமில்லை. நம் முன்னோர் கட்டிய வீடுகளைப் பாருங்கள். நடுவில் வானம் தெரியும் முற்றம், பின்புறம் கிணற்றடி. உம்மம்மாக்கள் அங்கேதான் அரிசி புடைத்தார்கள், மிளகாய் காயவைத்தார்கள், பேரப் பிள்ளைகளுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினார்கள். அவர்களும் பர்தா பேணியவர்களே. ஆடை அப்படியே நிற்க, முற்றம்தான் போய்விட்டது. இன்று நாம் வாழும் அடுக்குமாடி வீட்டில் கண்ணாடிச் சன்னல் இருக்கிறது. வைட்டமின் டியை உண்டாக்கும் கதிர் கண்ணாடியை ஊடுருவுவதில்லை. ஆகவே, சன்னலோரம் அமர்ந்து வெயில் காய்வதால் இவ்வகையில் பயனில்லை.

ஒரு வீட்டில் கூடிய நோய்கள்

சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவை ஒரே ஆளிடம் ஏன் கூடுகின்றன? இந்தக் கேள்விக்கும் தனி வரலாறு உண்டு.

1923இல் சுவீடன் நாட்டு மருத்துவர் கிலின், உயர் இரத்த அழுத்தமும் இரத்தச் சர்க்கரையும் கீல்வாதத்துக்குக் காரணமான யூரிக் அமிலமும் ஒருவரிடமே சேர்ந்து வருவதைக் குறித்தார். 1947இல் பிரான்சின் மார்செய் நகர மருத்துவர் ஜான் வாக், பருமனில் இருவகை உண்டென்று காட்டினார். இடுப்புக்குக் கீழே சேரும் கொழுப்பு அவ்வளவு தீங்கு செய்வதில்லை; வயிற்றிலும் மேலுடலிலும் சேர்வதே சர்க்கரையோடும் இதய நோயோடும் உறவாடுகிறது என்றார். 1988இல் அமெரிக்காவின் ஜெரால்ட் ரீவன் தம் புகழ்பெற்ற சொற்பொழிவில் இவற்றை ஒரே நூலில் கோத்தார். இன்சுலின் சுரந்தும் உடல் அதற்குச் செவிகொடுக்காத நிலையே இவற்றின் பொதுவேர் என்று கூறி, அதற்குச் சிண்ட்ரோம் எக்ஸ் என்று பெயரிட்டார். பிறகு அது மெட்டபாலிக் சிண்ட்ரோம் என வழங்கலாயிற்று. வளர்சிதை மாற்றக் கூட்டுநோய் என்று நாம் சொல்லலாம்.

2001இல் அமெரிக்க வல்லுநர் குழு எளிய அளவுகோல் ஒன்றை வகுத்தது. பெருத்த இடுப்புச் சுற்றளவு, இரத்தத்தில் மிகுந்த டிரைகிளிசரைடு, குறைந்த நல்ல கொழுப்பு, 130க்கு 85 அல்லது அதற்கு மேற்பட்ட இரத்த அழுத்தம், வெறும் வயிற்றில் கூடிய சர்க்கரை ஆகிய ஐந்தில் மூன்று இருந்தால் இந்நோய் என்பதே அது. 2005இல் உலக நீரிழிவுக் கூட்டமைப்பு நம்மைப் போன்ற தெற்காசியருக்கு இடுப்பளவைத் தனியே குறைத்து நிர்ணயித்தது: ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. ஐரோப்பியரைவிடக் குறைந்த பருமனிலேயே நமக்கு இந்நோய் வருவதே காரணம். தோற்றத்தில் மெலிந்தவராயினும் வயிறு முன்தள்ளியிருந்தால் கவனிக்க வேண்டும் என்பது இதன் பொருள்.

இரு வரலாறுகளின் சந்திப்பு

எலும்பின் வரலாறும் சர்க்கரையின் வரலாறும் 1980இல் சந்தித்தன. அந்த ஆண்டு அமெரிக்காவின் அந்தனி நார்மனும் அவர் குழுவினரும், வைட்டமின் டி குறைந்த எலிகளின் கணையம் போதிய இன்சுலினைச் சுரக்கவில்லை என்று வெளியிட்டனர். எலும்புக்கு மட்டுமே உரியதெனக் கருதப்பட்ட பொருளுக்குக் கணையத்திலும் வேலை இருந்தது.

1995இல் கிழக்கு லண்டனில் வாழும் ஆசியரைப் பற்றிய ஆய்வு வந்தது. வங்காள முஸ்லிம்கள் செறிந்து வாழும் பகுதி அது. வெள்ளையரைவிட அங்குள்ள ஆசியரிடம் சர்க்கரை பன்மடங்கு மிகுதி. சோதிக்கப்பட்டவருள் பெரும்பாலோரிடம் வைட்டமின் டி மிகவும் குறைந்திருந்தது. சர்க்கரையின் விளிம்பில் நின்றவர்களிடம் அது இன்னும் பரவலாகக் காணப்பட்டது. 2005இல் அமெரிக்காவில் 8,000க்கும் மேற்பட்ட வயதுவந்தோரின் இரத்தப் பதிவுகளை ஆராய்ந்தபோது, வைட்டமின் டி கூடுதலாக உள்ளவர்களிடம் கூட்டுநோய் குறைவாகவே இருந்தது. பல நாடுகளிலிருந்து இதே வகைச் செய்திகள் தொடர்ந்து வந்தன. குடும்பக் குழுவில் சுற்றிய அந்தச் செய்தியின் மூலம் இதுதான். அது வெறும் புனைவன்று. பாதி வழியிலேயே நின்றுவிட்ட உண்மை.

எது முன், எது பின்?

ஹதீஸ் கலை பயிலும் மாணவருக்கு முதலிலேயே ஒன்றைக் கற்பிக்கிறோம். ஒரு செய்தியின் கருத்து அழகாயிருப்பதால் மட்டும் அது ஸஹீஹ் ஆகிவிடாது. அறிவிப்பாளர் தொடரில் ஒருவர் மற்றவரை உண்மையிலேயே சந்தித்தாரா, இடையில் ஆள் விடுபட்டாரா என்று பார்க்க வேண்டும். இருவர் ஒரே காலத்தில் ஒரே ஊரில் வாழ்ந்தார்கள் என்பதாலேயே ஒருவர் மற்றவரிடம் கேட்டறிந்தார் என்று முடிவுகட்ட இமாம் புகாரீ (ரஹ்) உடன்படவில்லை. சந்திப்பு உறுதியாக வேண்டும் என்றார்கள். மருத்துவத்திலும் இதைப் போன்ற கேள்வி உண்டு. இரு நோய்கள் ஒரே உடலில் வாழ்கின்றன என்பதாலேயே ஒன்று மற்றதைப் பெற்றெடுத்தது என்று சொல்ல முடியுமா?

வைட்டமின் டி கொழுப்பில் கரைவது. 2000இல் வெளியான ஆய்வொன்றில், பருமனானவர்களுக்கும் பருமனில்லாதவர்களுக்கும் ஒரே அளவு புற ஊதா ஒளி காட்டப்பட்டது. பருமனானவர்களின் இரத்தத்தில் வைட்டமின் டி பாதியளவுகூட உயரவில்லை. உடற்கொழுப்பே அதைத் தன்னுள் அடக்கிக்கொண்டது. 2013இல் 21 ஆய்வுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 42,000 பேரின் மரபணுக்களை ஆராய்ந்த பெரும்பணி, பருமன் வைட்டமின் டியைக் குறைக்கிறது என்பதற்கு வலுவான சான்று தந்தது. வைட்டமின் டி குறைவு பருமனை உண்டாக்குகிறது என்பதற்கு அத்தகைய சான்று கிட்டவில்லை. அதாவது நாம் காரணம் என நினைத்ததில் ஒரு பகுதி விளைவாக இருக்கிறது.

வேறொன்றும் உண்டு. யாருக்கு வெயில் படுகிறது? வெளியே நடப்பவருக்கு. நடப்பவருக்குச் சர்க்கரை வருவதும் குறைவு. வெயிலின் நன்மையையும் நடையின் நன்மையையும் இரத்தப் பரிசோதனைத் தாள் பிரித்துக் காட்டாது.

இந்தச் சிக்கலை அவிழ்க்க ஒரே வழி, ஒரு சாராருக்கு உண்மையான மாத்திரையும் மறுசாராருக்கு அதே தோற்றமுள்ள வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்ப்பதே. அமெரிக்காவில் அப்படிச் செய்யப்பட்ட டி2டி ஆய்வின் முடிவு 2019இல் வெளியாயிற்று. சர்க்கரையின் விளிம்பில் நின்ற 2,423 பேர் அதில் பங்கேற்றனர். ஒரு சாரார் நாள்தோறும் 4,000 யூனிட் வைட்டமின் டி உட்கொண்டனர். ஏறத்தாழ இரண்டரை ஆண்டுக்குப் பின், மாத்திரை உட்கொண்டவருள் 293 பேருக்கும் வெற்று மாத்திரை உட்கொண்டவருள் 323 பேருக்கும் சர்க்கரை நோய் வந்திருந்தது. தற்செயல் அல்ல என்று சொல்லுமளவுக்கு அந்த வேறுபாடு பெரிதாக இல்லை. 2023இல் இத்தகைய மூன்று ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, விளிம்பில் நிற்பவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 15 விழுக்காடு குறைவதாகத் தெரிந்தது. சிறு உதவி; நோய் வந்துவிட்டவரின் மருந்துக்கு அது மாற்றாகாது.

ஆகவே அந்த உம்மாவுக்கான பதில் தெளிவு. வைட்டமின் டி குறைந்திருந்தால் அதை நிரப்ப வேண்டும். எலும்புக்கும் தசைக்கும் அது கட்டாயத் தேவை. அதை நிரப்பிவிட்டால் சர்க்கரை போய்விடும் என்பது நிறுவப்படாத கூற்று. நிறுவப்படாததை நம்பிச் சர்க்கரை மாத்திரையை நிறுத்துவது உயிரோடு விளையாடுவது.

நம் மண்ணிலிருந்து ஒரு சான்று

அப்படியானால் எது உறுதியானது? அதற்கான விடைகளுள் ஒன்று சென்னையிலிருந்தே வந்திருக்கிறது. 2006இல் மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர் இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டத்தின் முடிவை வெளியிட்டனர். சர்க்கரையின் விளிம்பில் நின்ற 531 பேரை அவர்கள் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவருள் 55 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் வந்தது. நாள்தோறும் அரைமணி நடையும் உணவுக் கட்டுப்பாடும் மேற்கொள்ள வழிகாட்டப்பட்டவருள் அது 39.3 விழுக்காடாகக் குறைந்தது. நம் சோற்றையும் நம் தெருவையும் நம் உடல்வாகையும் கொண்ட மக்களிடம் கண்ட முடிவு இது. நடையின் பயனுக்கு இதைவிட நெருக்கமான சான்று நமக்கு வேறெங்கே கிடைக்கும்?

இங்கே அஸ்மா பின்த் அபீபக்ர் (ரலி) அவர்களை நினைவுகூர்வது பொருத்தம். தம் கணவர் ஸுபைர் (ரலி) அவர்களின் நிலத்திலிருந்து பேரீச்சங்கொட்டைகளைத் தலையில் சுமந்து, பர்ஸக்கில் மூன்றில் இரு பங்கு தொலைவை அவர்கள் நடந்தே கடந்ததை ஸஹீஹுல் புகாரீயில் காண்கிறோம். நாணமும் பேணுதலும் மிக்க அந்த ஸஹாபியப் பெண்மணி வெயிலில் நடந்தார்கள், உழைத்தார்கள். வீட்டுக்குள் அசையாமல் அமர்ந்திருப்பதே ஒழுக்கம் என்ற எண்ணம் அவர்கள் வாழ்விலிருந்து வந்ததன்று.

வீட்டில் செய்யத்தக்கவை

நம் பகுதியில் ஆண்டு முழுதும் வைட்டமின் டி தரும் கதிர் கிடைக்கிறது. ஃபஜ்ருக்குப் பின் சாய்ந்து வரும் இளவெயிலில் அக்கதிர் மிகக் குறைவு; முற்பகல் கழிந்து சூரியன் உயரும்போதுதான் அது மிகும். ஆகவே மறைவான மாடியிலோ முற்றத்திலோ கைகளும் கால்களும் வெயில்படச் சிறிது நேரம் இருப்பது நல்லது. தோல் சிவக்கும் அளவுக்கோ, கோடையின் உச்சிவெயிலில் மயக்கம் வரும் அளவுக்கோ இருத்தல் கூடாது. அடுக்குமாடியில் வாழ்வோர் பெண்களுக்கெனச் சில மணி நேரம் மொட்டைமாடியை ஒதுக்கித் தரலாம். ஒரு தார்ப்பாய் மறைப்பு போதும். புதிதாக வீடு கட்டுவோர் ஒரு சாண் நிலத்தையும் விடாமல் கூரை போடுவதை விட்டு, வானம் பார்க்கும் ஓரிடத்தைப் பெண்களுக்காக விடட்டும்.

வெயிலுக்கு வழியில்லாதவர்களும் கர்ப்பிணிகளும் முதியவர்களும் மருத்துவரைக் கேட்டு இரத்தத்தைச் சோதித்து, அவர் சொல்லும் அளவில் மாத்திரை உட்கொள்ளட்டும். 60,000 யூனிட் மாத்திரையைக் கடையில் தாமாகவே வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவது தீங்கானது. அளவு மீறினால் இரத்தத்தில் கால்சியம் கூடிச் சிறுநீரகம் கெடும். குறைவும் கேடு, மிகையும் கேடு. நடுநிலையே நம் உம்மத்தின் அடையாளம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். தீயவன் ஒரு செய்தியைக் கொண்டுவந்தால் தீர விசாரியுங்கள் என்று ஸூரத்துல் ஹுஜுராத்தில் அல்லாஹ் கட்டளையிடுகிறான். கொண்டுவந்தவர் யாரென்றே தெரியாமல், பலமுறை கைமாறி வரும் செய்தியின் நிலை என்ன? மருந்தை நிறுத்தச் சொல்லும் எந்தச் செய்தியையும் மருத்துவரிடம் காட்டாமல் மற்றவருக்கு அனுப்பாதீர்கள். நம் விரல் ஒரு முறை தொட்டதால் ஒரு வீட்டின் தாய் படுக்கையில் விழுந்தால், அதற்கும் நாளை கணக்குண்டு.

அந்த உம்மாவுக்கு அன்று சோதித்தபோது சர்க்கரை மிகவும் கூடியிருந்தது. அல்ஹம்துலில்லாஹ், உரிய நேரத்தில் மருந்தைத் தொடங்கிவிட்டார். வைட்டமின் டியும் குறைவாகவே இருந்தது; அதற்கும் மருத்துவர் அளவோடு மாத்திரை கொடுத்தார். இப்போது காலை வேலைகள் முடிந்ததும் மகளோடு மொட்டைமாடியில் நடக்கிறாராம். "உம்மா நடக்கிறபோது நான் பாடம் ஒப்பிக்கிறேன், ஹஜ்ரத்" என்று மாணவி சொன்னாள். அவளுக்கு அந்த வாரம் ஸூரத்துஷ் ஷம்ஸ் மனனமாகிவிட்டது.

வல்ல ரஹ்மான் நம் வீடுகளுக்கு ஒளியையும், உடல்களுக்கு ஆஃபியத்தையும், உண்மையை உண்மையாகக் காணும் அறிவையும் தந்தருள்வானாக. ஆமீன்.